அடைப்பைக் காட்டாத ஸ்கேன் எதற்கு?

உங்கள் தந்தைக்கு வயது 62. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறது, நின்றுவிட்டால் சில நிமிடங்களில் தணிகிறது. டிரெட்மில் சோதனையை முழங்கால் வலியால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று; அதன் பிறகு இதய மருத்துவர் நியூக்ளியர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: நேராக ஆஞ்சியோகிராம் செய்துவிட்டால் என்ன? கதிரியக்க மருந்தை உடம்பில் ஏற்றுவது ஆபத்தில்லையா? ஸ்கேன் நார்மல் என்று வந்தால் அடைப்பே இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? அணு மருத்துவத் துறையில் இந்தப் படங்களை நாள்தோறும் பார்த்து அறிக்கை எழுதுபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மற்ற இரண்டும் பாதி விளங்கிவிடும்.

இந்த ஸ்கேனில் இதயத்தின் இரத்தக் குழாய்கள் தெரிவதே இல்லை. அவற்றின் வழியாக வரும் இரத்தம் இதயத் தசைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது மட்டுமே தெரிகிறது. வாய்க்காலில் எந்த இடத்தில் மண் சரிந்து கிடக்கிறது என்று கரையோரம் நடந்து பார்ப்பது ஒரு வேலை. கடைமடை வயலில் இறங்கி, மண் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது வேறொரு வேலை. ஆஞ்சியோகிராம் முதல் வேலையைச் செய்கிறது, இந்த ஸ்கேன் இரண்டாவதைச் செய்கிறது. ஆகவே "அடைப்பு இல்லை" என்ற வாக்கியத்தை இந்த ஸ்கேனின் அறிக்கையில் எந்தக் கவனமான மருத்துவரும் எழுதமாட்டார். "இரத்த ஓட்டத்தில் குறைவு தென்படவில்லை" என்றுதான் எழுதுவார். இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் ஒன்றல்ல.

அப்படியானால் சும்மா படுத்திருக்கும்போதே தசையைப் படம் எடுத்துவிடலாமே, ஏன் நடக்க வைத்தோ மருந்து கொடுத்தோ இதயத்தைச் சிரமப்படுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். காரணம், இதயம் தன் குறையை மறைக்கத் தெரிந்த உறுப்பு. பெரிய குழாய் ஓரிடத்தில் சுருங்கினால், அதற்குக் கீழே தசைக்குள் பிரியும் நுண்ணிய குழாய்கள் தாமாகவே விரிந்துகொடுத்து, ஓய்வு நேரத்துக்குத் தேவையான இரத்தத்தைக் குறையில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. 1974-இல் லான்ஸ் கூல்டும் அவருடைய குழுவினரும் நாய்களிடத்தில் செய்த ஆய்வு இதை எண்களாகவே காட்டியது: குழாயின் விட்டம் 85 விழுக்காடு வரை சுருங்கும்வரை ஓய்வுநிலை இரத்த ஓட்டம் குறையவில்லை. ஆனால் அந்த ஓட்டம் தேவைக்கேற்பப் பெருகும் திறன், குழாய் பாதியளவு சுருங்கும் கட்டத்திலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. ஆரோக்கியமான இதயம் ஓய்வு நேர ஓட்டத்தைப்போல் 3, 4 மடங்கு இரத்தத்தைத் தேவையின்போது பெறக்கூடியது. அந்தக் கையிருப்பை, சுருங்கிய குழாய்க்குக் கீழுள்ள தசை ஓய்விலேயே செலவழித்துவிட்டிருக்கும். மாடிப்படி ஏறும்போது மற்ற பகுதிகளுக்கு ஓட்டம் பெருகுகிறது, இந்தப் பகுதிக்கு மட்டும் பெருகுவதில்லை. உங்கள் தந்தையின் நெஞ்சிறுக்கம் பெரும்பாலும் அந்த ஏற்றத்தாழ்விலிருந்து வருவதாக இருக்கலாம். சோதனை முழுவதும் அந்த ஏற்றத்தாழ்வை வேண்டுமென்றே உண்டாக்கி, அதைப் படமாகப் பிடிப்பதற்காகவே அமைந்தது.

பிடிப்பது எப்படி என்பதை விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தச் சோதனையின் அழகே அங்குதான் இருக்கிறது. இப்போது மிகுதியாகப் பயன்படும் மருந்துகள் செஸ்டாமிபி, டெட்ரோஃபாஸ்மின் என்ற இரண்டு. இவற்றோடு டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்க அணு பிணைக்கப்பட்டிருக்கும். டெக்னீஷியம் 1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் கண்டறிந்த தனிமம். மனிதர் செயற்கையாக ஆக்கிய முதல் தனிமம் அதுதான், பெயரின் கிரேக்க மூலத்துக்கும் அதுவே பொருள். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் இந்தப் பொருளைச் சேமித்து வைக்க முடியாது. ஆகவே மெல்லச் சிதைந்து டெக்னீஷியமாக மாறிக்கொண்டே இருக்கும், 66 மணி நேர அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) கொண்ட மாலிப்டினம்-99-ஐ ஈயக் கவசத்துக்குள் அடைத்த ஒரு பாத்திரமாகத் தருவித்து, காலையில் உப்பு நீரை அதனுள் செலுத்தி, அன்றைக்குத் தேவையான டெக்னீஷியத்தை இறக்கிக்கொள்கிறோம். உலகெங்கும் இந்தத் துறையினர் அதைப் பசு என்றும், இறக்குவதைக் கறத்தல் என்றும் சொல்வது வழக்கம்.

இப்படிக் கறந்து தயாரித்த மருந்தைக் கைநரம்பில் செலுத்தியதும், அது இரத்தத்தோடு இதயத் தசைக்குள் போய், எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறதோ ஏறக்குறைய அந்த அளவில் உயிரணுக்களுக்குள் நுழைந்து, அங்குள்ள மைட்டோகாண்ட்ரியாவில் தங்கிவிடுகிறது. தங்கியது எளிதில் வெளியேறுவதில்லை என்பதுதான் முக்கியம். டிரெட்மில்லில் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார், இதயத் துடிப்பு இலக்கைத் தொடுகிறது, வியர்வை வழிகிறது. அந்த நொடியில் ஏற்கெனவே கையில் பொருத்தி வைத்திருக்கும் ஊசி வழியாக மருந்தைச் செலுத்திவிட்டு, "இன்னும் ஒரு நிமிடம் நடங்கள், நிறுத்திவிடாதீர்கள்" என்று சொல்கிறோம். மருந்து தசையில் படிவதற்கு அந்த ஒரு நிமிடம் தேவை. அதன் பிறகு அவர் இறங்கி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் உட்கார்ந்து, துடிப்பெல்லாம் அடங்கிய பிறகு கேமராவின் கீழ் படுக்கிறார். ஆனால் நாங்கள் எடுக்கும் படம் படுத்திருக்கும் இதயத்தின் படமாக இருப்பதில்லை. அரைமணிக்கு முன்பு டிரெட்மில்லில் உழைத்துக்கொண்டிருந்த இதயத்தின் இரத்த ஓட்டம் அப்படியே அதில் பதிந்திருக்கும். வேறொரு நேரத்தில் ஓய்வில் இன்னொரு ஊசி, இன்னொரு படம். அதற்கு முந்தைய தலைமுறை மருந்தான தாலியம்-201 இவ்வாறு தங்குவதில்லை, மெல்ல இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஊசி போட்ட கையோடு படம் எடுத்தாக வேண்டும். அதன் அரை ஆயுளும் 73 மணி நேரம் என்பதால் கதிர்வீச்சும் கூடுதல். இப்போது அது அரிதாகிவிட்டபோதிலும், பலர் இந்தச் சோதனையை இன்றும் தாலியம் டெஸ்ட் என்றே அழைக்கிறார்கள்.

உங்கள் தந்தைக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் அவரை நடக்க வைக்கமாட்டார்கள், அடினோசின் அல்லது ரெகாடினோசான் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். இவை இதயத்தை ஓட வைப்பதில்லை. குழாய்களை நேரடியாக விரியச் செய்கின்றன. ஆரோக்கியமான குழாய்களின் பகுதியில் ஓட்டம் பல மடங்கு பெருகும், ஏற்கெனவே முழுதும் விரிந்துவிட்ட பகுதியில் மேலும் விரிய இடமிருக்காது. ஏற்றத்தாழ்வு தானாக வெளிப்படும். அடினோசினைச் சில நிமிடங்கள் தொடர்ந்து சொட்டு முறையில் ஏற்றுவார்கள், ரெகாடினோசானை 0.4 மில்லிகிராம் அளவில் ஒரே ஊசியாகப் போடுவார்கள். போட்டதும் முகம் சூடாகலாம், மூச்சு முட்டுவதுபோல் இருக்கலாம், நெஞ்சு கனக்கலாம், வயிற்றைப் புரட்டலாம். அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எதிர்பாராமல் வந்தால் மாரடைப்பே வந்துவிட்டதென்று அஞ்சிவிடுவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், தணியாவிட்டால் முறிமருந்தாக அமினோஃபிலின் கையிலேயே இருக்கும். ஆஸ்துமா இருந்தாலோ, ஈசிஜியில் இதய மின்னோட்டத் தடை (ஹார்ட் பிளாக்) இருப்பதாக யாராவது முன்பு சொல்லியிருந்தாலோ, அதை ஊசி போடும் முன்பே தெரிவிக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு டோபுட்டமின் என்ற வேறு மருந்து தேவைப்படும்.

இங்கே ஒன்றைக் கூடுதல் அழுத்தத்துடன் சொல்ல வேண்டும். சோதனைக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல இடங்களில் 24 மணி நேரம், காபி, தேநீர், கோலா, சாக்லேட் எதுவும் கூடாது என்று சொல்வார்கள். கஃபீன் நீக்கப்பட்ட காபி என்று விற்பதிலும் சிறிதளவு கஃபீன் உண்டு, சில தலைவலி மாத்திரைகளிலும் உண்டு. அடினோசின் எந்தக் கதவைத் தட்டிக் குழாயை விரிக்கிறதோ அதே கதவைக் கஃபீன் முன்பே அடைத்துக்கொண்டு நிற்கும். முறிமருந்து என்று சொன்னேனே, அந்த அமினோஃபிலினும் கஃபீனின் உறவுக்காரப் பொருள்தான். ஆகவே காலையில் அரை டம்ளர் காபி குடித்துவிட்டு, சோதனையைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயந்து அதைச் சொல்லாமல் இருந்துவிட்டால், ஆபத்தாக எதுவும் நடக்காது. ஆனால் குழாய்கள் சரியாக விரியாமல், நோயுள்ள இதயத்தின் படம் நார்மலாக வந்துவிடக்கூடும். தவறாக நிம்மதி தரும் அறிக்கையைவிட ஒருநாள் தள்ளிப்போன சோதனை எவ்வளவோ மேல். என்ன குடித்தீர்கள் என்று நாங்கள் இரண்டு மூன்று முறை கேட்பது அதனால்தான்.

படத்தைப் படிப்பது எப்படி என்று சிறிது சொல்கிறேன், அறிக்கை கைக்கு வரும்போது உதவும். காமா கேமரா நெஞ்சைச் சுற்றி வந்து சேகரித்ததைக் கணினி துண்டு துண்டாக வெட்டித் தருகிறது. குறுக்காக வெட்டினால் இடது கீழறையின் சுவர் வளையமாகவும், நெடுக்காக வெட்டினால் குதிரை லாடமாகவும் தெரியும். மேல் வரிசையில் சிரமநிலைப் படங்கள், கீழ் வரிசையில் அதே துண்டுகளின் ஓய்வுநிலைப் படங்கள். மேல் வரிசையின் வளையத்தில் ஒரு பக்கம் மங்கி, கீழ் வரிசையில் அதே இடம் நிறைந்திருந்தால், அந்தத் தசை உயிரோடு இருக்கிறது, ஆனால் தேவையின்போது அதற்கு இரத்தம் போதவில்லை என்று பொருள். இரண்டிலும் மங்கலாக இருந்தால், பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். சுவரை 17 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுகிறோம். முன்சுவரும் நுனியும் மங்கினால் இடது முன் இறங்கு தமனி, அடிச்சுவர் மங்கினால் பெரும்பாலும் வலது தமனி என்று குழாயையும் ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் மங்கலெல்லாம் நோயல்ல. ஆண்களுக்கு உதரவிதானம் அடிச்சுவரின் கதிர்களை மறைக்கும், பெண்களுக்கு மார்பகம் முன்சுவரின் கதிர்களை மறைக்கும். அந்த நிழலை நோய் என்று எழுதிவிட்டால் தேவையில்லாமல் ஒருவர் ஆஞ்சியோகிராமுக்குப் போவார். நிழலைப் பிரித்தறிய, ஈசிஜியோடு இணைத்து இதயம் சுருங்கி விரிவதையும் சேர்த்தே படமெடுக்கிறோம். இரண்டு படங்களிலும் மங்கலாகத் தெரியும் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் நன்றாகத் தடித்துச் சுருங்கினால், அது தழும்பாக இருக்க வாய்ப்பில்லை. சந்தேகமிருந்தால் குப்புறப் படுக்க வைத்து மீண்டும் எடுப்போம், அல்லது சிறிய சிடி படம் ஒன்றை எடுத்துக் கணக்கைத் திருத்துவோம். எனவே "மறுபடியும் படுங்கள்" என்று அழைத்தால் பதற வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு உண்மையான பலவீனம் ஒன்று உண்டு. மேலே சொன்ன காமா கேமரா, அதாவது சாதாரண ஸ்பெக்ட் கேமரா, தசையின் மிகப் பிரகாசமான பகுதியை அளவுகோலாக வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறது. மூன்று குழாய்களும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால், அல்லது இடது தமனியின் தாய்க்குழாயே சுருங்கியிருந்தால், எல்லாப் பகுதிகளும் ஒருசேரக் குறைந்து, ஒப்பீட்டில் சமமாகத் தெரிந்துவிடலாம். எல்லா வயலும் ஒரே மாதிரி காய்ந்திருந்தால் எது காய்ந்தது என்று ஒப்பிட்டுச் சொல்வது எப்படி? அப்போது வேறு தடயங்களைத் தேடுகிறோம்: சிரமநிலையில் இதய அறை ஓய்வைவிடப் பெரிதாகத் தெரிகிறதா, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் விழுக்காடு சிரமத்துக்குப் பின் இறங்குகிறதா, ஈசிஜி மாறியதா, இரத்த அழுத்தம் விழுந்ததா. பெட் என்ற வேறு வகைக் கேமரா உள்ள இடங்களில் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. ருபிடியம்-82 அல்லது நைட்ரஜன்-13 அம்மோனியா என்ற கதிரியக்க மருந்தைக் கொண்டு, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் என்று அதில் அளந்தே சொல்லலாம். சிரமநிலை ஓட்டம் ஓய்வுநிலையைப்போல் 2 மடங்கைக்கூட எட்டாவிட்டால், படம் சமமாகத் தெரிந்தாலும் சந்தேகிக்க வேண்டும். பெரிய குழாய்களில் அடைப்பில்லாமல் நுண்குழாய்கள் மட்டும் பழுதானவர்களையும் இந்த அளவீடே காட்டிக்கொடுக்கிறது. ருபிடியத்தின் அரை ஆயுள் 76 விநாடிகளே என்பதால் அதை டிரெட்மில்லோடு சேர்ப்பது மிகக் கடினம். 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளூர்பிரிடாஸ் என்ற பெட் மருந்து 110 நிமிட அரை ஆயுள் உடையது, அந்த இடைவெளியை அது நிரப்புகிறது.

இப்போது உங்கள் நிம்மதிக் கேள்விக்கு வருகிறேன். முறையாகச் செய்யப்பட்ட ஸ்கேன் நார்மலாக வந்தவர்களில், ஓராண்டுக்குள் மாரடைப்போ இதய மரணமோ நேர்வது பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இது சிறிய ஆறுதலல்ல. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கும், நடக்க இயலாமல் மருந்து மூலம் சோதிக்கப்பட்டவர்களுக்கும் அந்த எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; உங்கள் தந்தை இரண்டாம் வகையில் வருகிறார். மேலும், மாரடைப்புகளில் கணிசமானவை, ஓட்டத்தைத் தடுக்காத அளவில் இருந்த கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருகின்றன. அந்தப் படிவு ஸ்கேனில் தெரியாது. ஆகவே நார்மல் அறிக்கை வந்தது என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துவதும், புகைப்பழக்கத்துக்குத் திரும்புவதும் பெரும் தவறு. நெஞ்சிறுக்கம் ஓய்விலேயே வரத் தொடங்கினாலோ, அடிக்கடி வந்தாலோ, தணியாமல் நீடித்தாலோ, எந்த ஸ்கேனுக்கும் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நேராக ஆஞ்சியோகிராம் ஏன் கூடாது? சிலருக்கு நேராக அதுதான் சரி. நிலையற்ற நெஞ்சுவலி, இதயச் செயலிழப்பு போன்றவை இருந்தால் யாரும் ஸ்கேனுக்கு அனுப்பி நேரத்தை வீணாக்கமாட்டார்கள். ஆனால் தமனிக்குள் குழாய் செலுத்திச் செய்யும் சோதனைக்குச் சிறிதெனினும் இரத்தக் கசிவு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு ஆகிய அபாயங்கள் உண்டு. அதைவிட முக்கியமாக, அங்கே 60 விழுக்காடு சுருக்கம் என்று தெரிந்தால், அது தசையைப் பட்டினி போடுகிறதா இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கும். கண்ணுக்குத் தெரிந்த அடைப்பையெல்லாம் ஸ்டென்ட் வைத்துத் திறந்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை இயல்பானது, நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியிருந்தேன். 2019-இல் முடிவுகள் வெளியான இஸ்கீமியா என்ற பெயர்கொண்ட ஆய்வில், சோதனையில் மிதமான அல்லது கடுமையான ஓட்டக் குறைவு காணப்பட்ட 5,179 பேரில் ஒரு பாதியினரை நேராக ஆஞ்சியோகிராமுக்கும் தேவைப்பட்ட சிகிச்சைக்கும் அனுப்பினார்கள், மறுபாதியினருக்கு முதலில் மருந்து மட்டும் கொடுத்தார்கள். இறப்பிலும் மாரடைப்பிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களுக்கு மட்டும் குழாயைத் திறந்தது தெளிவான நிவாரணம் தந்தது. தாய்க்குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களும் இதயத் துடிப்பின் வலு மிகவும் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சிடி ஆஞ்சியோகிராம் என்ற மாற்றும் உண்டு. அடைப்பு இல்லை என்று உறுதிசெய்ய அது மிகச் சிறந்தது. ஆனால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தாலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்து அயோடின் சாயம் ஏற்காவிட்டாலோ, முன்பே சிறிய ஸ்டென்ட்கள் இருந்தாலோ, அணு ஸ்கேனே பொருத்தமாக அமைகிறது.

கதிர்வீச்சைப் பற்றி. 2013-இல் சர்வதேச அணுசக்தி முகமை 65 நாடுகளின் ஆய்வகங்களில் கணக்கெடுத்தபோது, இந்தச் சோதனையில் ஒருவர் பெறும் அளவின் இடைநிலை மதிப்பு 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) என்று தெரியவந்தது. பூமியில் வாழ்வதாலேயே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நமக்குக் கிடைக்கிறது, ஆக இது ஏறத்தாழ நான்காண்டுகளின் இயற்கை அளவு. பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்று நான் சொல்லமாட்டேன். அறிகுறியே இல்லாதவருக்கு வழக்கமான உடற்பரிசோதனையாக இதைச் செய்வதை நான் ஆதரிப்பதில்லை. நெஞ்சிறுக்கம் உள்ள 62 வயதுக்காரருக்கு, கண்டறியப்படாத இதய நோயின் ஆபத்து அந்தக் கதிர்வீச்சின் ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரியது. குறைக்கவும் வழியுண்டு: சிரமநிலைப் படத்தை முதலில் எடுத்து, அது முற்றிலும் நார்மலாக இருந்தால் ஓய்வுநிலை ஊசியையே தவிர்த்துவிடலாம். இந்த வசதி இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். செலுத்திய டெக்னீஷியம் 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெளியேறியதையும் கணக்கிட்டால் இன்னும் குறைவு. அன்று மட்டும் கைக்குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைத்திருக்காமலும், கர்ப்பிணிகளை ஒட்டி அமராமலும் இருந்தால் போதும். அடுத்த சில நாட்களில் விமானப் பயணம் இருந்தால், கதிர்வீச்சுக் கருவிகள் ஒலிக்கக்கூடும் என்பதால் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனை நாளில் மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போடுபவரானால் வெறும் வயிற்றில் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை வந்ததும், பாசிட்டிவா நெகட்டிவா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், இதய மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இதயத் தசையில் எத்தனை விழுக்காட்டுக்கு இரத்தம் போதவில்லை, அது எந்தச் சுவர், ஓய்வில் நிறைந்ததா இல்லையா, துடிப்பின் வலு (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம்) எத்தனை விழுக்காடு, அறை விரிந்ததா. தசையின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டக் குறைவு என்றால் மருத்துவரின் பேச்சு ஒருவிதமாகவும், சிறிய ஓர் ஓரத்தில் மட்டும் என்றால் வேறுவிதமாகவும் இருக்கும். அந்த எண் அறிக்கையில் எழுதப்படாமல் இருந்தால், படம் படித்த மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.